கடலில் நிறுத்தும் அதிகாரம் யாருடையது? – ஒரு வரலாற்றுப் பார்வை

திருவரங்குளம் கடற்கரை ஊர் அன்று. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கே கடல் கிடையாது. நான்கு புறமும் நிலம் சூழ்ந்த அரசு அது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. பின்னர் 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எனும் கரையோரம் நம் மாவட்டத்தோடு வந்து சேர்ந்தது.

ஆயினும் அந்தக் கரையின் துயரம் இன்று நம் மாவட்டத்தின் துயரமாகிவிட்டது. ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் சென்ற விசைப்படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட செய்தியை நாளிதழில் படிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. கடலில் செல்லும் ஒரு கலத்தை மறித்து, அதில் ஏறிச் சோதித்து, ஆட்களைப் பிடித்துச் செல்லும் அதிகாரம் உடையவர் யார்? அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தவர் யார்? சட்ட மாணவர்களுக்குரிய கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக இக்கேள்விக்கு விலை கொடுத்து வந்தவர்களில் மரக்காயர்களும், ஹஜ்ஜுக்குச் சென்ற பயணிகளும், சாதாரண மீனவர்களுமே அதிகம். எனவே அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முன்பும் கடலில் கொள்ளையர் இருந்தனர். மன்னர்களின் கடற்படைகளும் இருந்தன. எனினும் பொதுவாக ஒரு மன்னரின் வரி வாங்கும் உரிமை துறைமுகத்தோடு நின்றது. கப்பல் கரைக்கு வந்தால் சுங்கம் கொடுக்கும். நங்கூரம் எடுத்துவிட்டால் அதன் மீது ஆணை செலுத்துபவர் அதன் தலைவரான நகுதாவே. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் தொகுக்கப்பட்ட கடற்சட்டம், கப்பலில் நகுதாவுக்கு நாட்டில் அரசருக்குள்ள நிலையை அளித்தது. குற்றம் செய்தவரைத் தண்டிக்கும் உரிமையும் அவருக்கு இருந்தது. நம் மரக்காயர் கப்பல்கள் மலாக்காவுக்குச் சென்று வந்த காலம் அது. நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் ‘மாலுமி’ என்ற சொல்லே அரபு மொழியின் ‘முஅல்லிம்’ என்பதிலிருந்து வந்தது. கப்பலுக்கு வழி சொல்லும் ஆசான் என்பது அதன் பொருள். ஆக, கடலில் அதிகாரம் கப்பலுக்குள் இருந்தது. வெளியிலிருந்து ஒருவன் வந்து, “உன் பயணத்துக்கு என் அனுமதி எங்கே?” என்று கேட்கும் வழக்கம் பொதுவாக இல்லை.

கர்தாஸ் எனும் சீட்டு

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். வாஸ்கோடகாமாவின் முதல் பயணத்துக்குப் பின், போர்ச்சுக்கல் மன்னர் மனுவேல் தம்மை எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் அதிபதி என்று பட்டம் சூட்டிக்கொண்டார். இந்நாடுகளில் எதுவும் அவர் ஆட்சியில் இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாகப்படவில்லை. 1502ஆம் ஆண்டு மீண்டும் வந்த வாஸ்கோடகாமா, மக்காவிலிருந்து கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிய ‘மீரி’ எனும் கப்பலைப் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கான பயணிகளோடு எரித்தழித்த கொடுமையை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

அதனைத் தொடர்ந்து வேரூன்றியதே ‘கர்தாஸ்’ முறை. காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ எனும் அரபுச் சொல்லே போர்ச்சுக்கீசியர் வாயில் இப்படி ஆயிற்று என்பர். அச்சொல் நம்முடையது, அதைக் கொண்டு நம் கப்பல்களைத்தான் கட்டினார்கள்! இந்தியக் கடலில் செல்லும் எந்தக் கப்பலும், கோவாவின் ஆளுநரோ ஒரு கோட்டையின் தலைவரோ ஒப்பமிட்ட சீட்டை வைத்திருக்க வேண்டும். கப்பலின் பெயர், நகுதாவின் பெயர், அளவு, ஆயுதங்கள், புறப்படும் துறை, சேரும் துறை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மிளகு போன்ற சரக்குகளை ஏற்றக் கூடாது; துருக்கியரை ஏற்றக் கூடாது; போர்ச்சுக்கீசியரின் துறைமுகத்துக்குச் சென்று சுங்கம் செலுத்த வேண்டும். சீட்டுக்கான கட்டணம் சிறிதுதான். அந்தச் சுங்கமே பெரிது. சீட்டில்லாத கப்பலும், சீட்டின் நிபந்தனையை மீறிய கப்பலும் பறிமுதலாகும். எதிர்த்தால் உயிருக்கும் உத்தரவாதமில்லை.

இதற்கு நியாயம் கற்பிக்கவும் எழுத்தாளர்கள் இருந்தனர். கடல் எல்லோருக்கும் பொது என்ற விதி ஐரோப்பியக் கிறித்தவர்களுக்குள்தான் செல்லும், மற்றவர்களுக்குச் செல்லாது என்று போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் ஜோவாம் டி பாரோஸ் 16ஆம் நூற்றாண்டில் எழுதினார். இதனோடு இஸ்லாமியச் சட்டத்தின் ‘அமான்’ எனும் பாதுகாப்பு வாக்குறுதியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பகை நாட்டிலிருந்து வரும் வணிகருக்கு ஒரு சாதாரண முஸ்லிம் கொடுத்த அமானையும் சமுதாயம் முழுவதும் மதிக்க வேண்டும் என்பது சட்ட அறிஞர்களின் பொதுவான கருத்து. அமான் அஞ்சி வருபவருக்கு அடைக்கலம் தருவது. கர்தாஸோ அச்சத்தை உண்டாக்கிவிட்டு, அதனின்று விடுபட விலை கேட்பது.

இச்சீட்டு மார்க்கத்தையும் தொட்டது. சீட்டுகளில் மர்யம் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தனவாம். அதை ஏந்திக் கடலில் செல்வதும் தகாது, பாரசீகத் தரை வழியும் இடர் நிறைந்தது. ஆகவே ஹிந்துஸ்தானத்தவர் மீது ஹஜ் கடமையில்லை என்று அக்பரின் காலத்தில் மக்தூமுல் முல்க் அப்துல்லாஹ் சுல்தான்பூரி தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியுள்ளார். பிற்பாடு அக்பர் அவரையே மக்காவுக்கு அனுப்பிவைத்தார் என்பது தனிக்கதை. ஆனால் ஒரு கோட்டைத் தலைவன் ஒப்பமிடும் காகிதம் ஒரு கடமையின் நிபந்தனைகளுக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தளபதியா, கொள்ளையரா?

இந்த ஆதிக்கத்தை எதிர்த்தவர்களில் முதன்மையானவர்கள் குஞ்ஞாலி மரக்காயர்கள். கள்ளிக்கோட்டை சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக நான்கு தலைமுறையினர் அப்பட்டத்தைத் தாங்கினர். அவர்களது போர் மலபாரோடு நின்றதன்று. 1538ஆம் ஆண்டு, இலங்கையின் சீதாவாக்கை அரசர் மாயாதுன்னைக்கு உதவச் சென்ற மரக்காயர் கப்பற்படை, இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மார்ட்டிம் அபோன்சோ டி சோசாவின் படையிடம் தோல்வியுற்றது. நம் மாவட்டக் கரையிலிருந்து பாக் விரிகுடாவை ஒட்டித் தெற்கே சென்றால் அந்த இடம். இக்கரையில் மரக்காயர்களின் ஆற்றலுக்கு விழுந்த பேரடி அது.

போர்ச்சுக்கீசிய ஏடுகள் குஞ்ஞாலிகளைக் ‘கடற்கொள்ளையர்’ என்றே எழுதின. ஆனால் பொன்னானியின் அறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்), 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபியில் எழுதிய ‘துஹ்பத்துல் முஜாஹிதீன்’ எனும் நூலில், கொள்ளையிட்டவர்கள் போர்ச்சுக்கீசியர் என்பதையும், அவர்களை எதிர்ப்பது கடமை என்பதையும் எடுத்துரைத்தார். ஒரே செயலுக்கு இரு பெயர்கள்! எதை வைத்து முடிவு செய்வது? சட்டம் அன்றும் இன்றும் ஒன்றைத்தான் கேட்கின்றது: இவர் யார் ஆணையின் பேரில் செய்தார்? குஞ்ஞாலிக்குச் சாமூதிரியின் ஆணை இருந்தது. ஆகவே அவர் தளபதி.

அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் குஞ்ஞாலியான முஹம்மது மரக்காயர் தம்மை இந்தியக் கடல்களின் அதிபர் என்று அழைத்துக்கொண்டதாகக் கூறப்படுகின்றது. சாமூதிரிக்கும் அவருக்கும் பகை மூண்டது. சாமூதிரி போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து கோட்டக்கல் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதியளிக்கப்பட்டதன் பேரில் 1600 மார்ச்சில் குஞ்ஞாலி தம் மன்னரிடமே சரணடைந்தார். ஆனால் போர்ச்சுக்கீசியர் அவரைப் பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்று தலையை வெட்டினர். மன்னரின் ஆணை இருந்தவரை தளபதி. அது போனதும் கொள்ளையர். நம் கருத்தில், சாமூதிரி அன்று இழந்தது ஒரு தளபதியை மட்டுமன்று. தம் கடலில் ஆணையிடும் உரிமையையும்தான்.

சீட்டு இருந்தும் பயனில்லை என்பதற்கு 1613ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. மாமன்னர் ஜஹாங்கீரின் தாயார் மர்யமுஸ் ஸமானிக்குச் சொந்தமான ‘ரஹீமி’ எனும் பெருங்கப்பல் முறையான கர்தாஸ் வைத்திருந்தது. ஆயினும் சூரத் அருகே போர்ச்சுக்கீசியர் அதைக் கைப்பற்றி, ஏறத்தாழ 700 பயணிகளோடு கோவாவுக்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயருக்குச் சூரத்தில் இடமளித்ததே முகலாயர் மீது அவர்களுக்கிருந்த கோபம். ஜஹாங்கீரிடம் அவர்களை எதிர்க்கவல்ல கடற்படை இல்லை. எனவே தமக்கு அதிகாரமிருந்த தரையில் பதிலளித்தார்; டாமனை முற்றுகையிடச் செய்தார், போர்ச்சுக்கீசியரின் வணிகத்தை நிறுத்தினார். 1695இல் ஔரங்கசீபின் ‘கஞ்சே சவாயி’ கப்பலை ஹென்றி எவரி எனும் ஆங்கிலக் கொள்ளையன் சூறையாடியபோதும் இவ்வாறே நடந்தது. சூரத்திலிருந்த ஆங்கிலேயர் சிறை வைக்கப்பட்டனர். பின்னர் ஹஜ் கப்பல்களுக்குக் காவல் செல்லும் பொறுப்பை ஐரோப்பியக் கம்பெனிகள் ஏற்க நேர்ந்தது. பார்வைக்கு இது வெற்றி. ஆனால் கடலில் காவல் செய்யும் வேலையைப் பிறரிடம் கொடுத்தவர், அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்.

இடையில் டச்சுக்காரர்களையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். போர்ச்சுக்கீசியரின் உரிமையை மறுத்து, கடல் எவருக்கும் சொந்தமன்று என்று 1609இல் நூல் எழுதியவர் அவர்களுடைய க்ரோஷியஸ். அவர் நாட்டவர் 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தவுடன், தாங்களே நம் வணிகக் கப்பல்களுக்குச் சீட்டு வழங்கத் தொடங்கினர்.

மூன்று மைலும் சங்குப் படுகையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் சீட்டு போய்ச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று மைல் வரை அரசின் கடல் என்பது கணக்கு. 1878ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அந்த எல்லைக்குள் அந்நியர் செய்யும் குற்றத்தையும் விசாரிக்கலாம் என்றது. ஆனால் அந்நியர் மீது வழக்குத் தொடரக் குடியேற்ற நாடுகளில் ஆளுநரின் இசைவு தேவை என்று நிபந்தனையும் விதித்தது. கடலில் ஓர் அந்நியரைப் பிடிப்பது வெறும் போலீஸ் வேலையன்று, இரு அரசுகளுக்கிடையிலான காரியம் என்ற எண்ணம் இங்கே சட்ட வடிவம் பெற்றது.

நம் கடலைப் பற்றிய ஒரு தீர்ப்பும் இக்காலத்தில் வந்தது. பாக் விரிகுடாவில் இராமநாதபுரம் அரசரின் உரிமையிலிருந்த படுகையில் சிலர் சங்கு எடுத்தனர். இடமோ மூன்று மைலுக்கு அப்பால். அது திருட்டாகுமா? அன்னக்குமாரு பிள்ளை – முத்துப்பயல் வழக்கு எனச் சட்ட நூல்களில் வழங்கும் இவ்வழக்கில், பாக் விரிகுடா பெரும்பாலும் அரசின் நிலங்களால் சூழப்பட்டது, தொன்றுதொட்டு அரசுகளின் அனுபவத்தில் இருந்து வந்தது என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டது. ஆகவே மூன்று மைலுக்கு வெளியேயும் அது நாட்டின் எல்லைக்கு உட்பட்டதே. 1904ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சான இத்தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதன் நிழலை மீண்டும் காண்போம்.

சுதந்திர இந்தியாவில்

நம் அரசியலமைப்புச் சட்டம் கடலை இரண்டாகப் பங்கிட்டது. நாட்டின் ஆட்சி எல்லைக்குட்பட்ட கடலில் மீன்பிடிப்பு மாநிலத்துக்கு. அதற்கப்பால் மீன்பிடிப்பும், பெருங்கடலில் நடக்கும் கொள்ளையும் குற்றங்களும் ஒன்றிய அரசுக்கு. 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் 12 கடல்மைல் வரை ஆட்சி எல்லை, 24 வரை அடுத்துள்ள மண்டலம், 200 வரை பொருளாதார மண்டலம் என வகுத்தது. அச்சட்டத்தின் கீழான குற்றத்துக்கு வழக்குத் தொடர ஒன்றிய அரசின், அல்லது அது எழுத்து மூலம் அதிகாரமளித்தவரின் முன் இசைவு வேண்டும். 1978இல் கடலோரக் காவல்படைக்குத் தனிச் சட்டம் வந்தது. படையின் கடமைகளைப் பட்டியலிட்ட அச்சட்டம், பிற சட்டங்களின் கீழான அதிகாரங்களை அப்படையினருக்கு ஒன்றிய அரசு தனி ஆணை மூலம் அளிக்கலாம் என்றும் வகை செய்தது. சீருடையும் துப்பாக்கியும் மட்டும் அதிகாரமாகா என்பதை இவ்வேற்பாடு உணர்த்துகின்றது.

இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மூன்று நிகழ்வுகளைக் காட்டலாம்.

1999ஆம் ஆண்டு இந்தோனேசியா அருகே கொள்ளையர் கைப்பற்றிய ‘அலோண்ட்ரா ரெயின்போ’ எனும் ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பலை, நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் அரபிக்கடலில் துரத்திப் பிடித்தன. கப்பலின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. உலகமே பாராட்டியது. 2003இல் மும்பை நீதிமன்றம் தண்டித்தது. 2005இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கடற்கொள்ளைக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாதிருந்ததே பெருங்குறை என்று சட்ட அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். பிடிக்க முடிந்தது, பிடித்தவரைத் தண்டிக்கப் போதிய சட்டமில்லை.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து 20.5 கடல்மைல் தொலைவில், ‘என்ரிகா லெக்சி’ எனும் இத்தாலியக் கப்பலில் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் இரு மீனவர்கள் மாண்டனர். ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். கேரளப் போலீசார் இரு வீரர்களைக் கைது செய்தனர். மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, ஒன்றிய அரசுக்கே உண்டு என்று 2013 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம், அவர்கள் அரசு ஊழியர்களாகச் செயல்பட்டதால் இந்திய நீதிமன்றம் விசாரிக்க இயலாது, இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021இல் வழக்கு முடிக்கப்பட்டது. யார் விசாரிப்பது என்று முடிவு செய்யவே எட்டாண்டுகளுக்கு மேலாயிற்று. மீனவர்களைச் சுட்ட குற்றம் இந்நாட்டில் விசாரணைக்கு வரவேயில்லை என்பதே நம்மை வருத்துகின்றது.

2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்ட ‘சீமேன் கார்டு ஓஹியோ’ எனும் ஆயுதக் காவல் கப்பலிலிருந்த 35 பேரின் கதை வேறு. 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விடுதலை. இடைப்பட்ட காலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்றது. கொள்ளைக் கப்பலைப் பிடிக்கப் போர்க்கப்பல், இராணுவ விமானம், அரசுப் பணியில் இருப்பது வெளிப்படத் தெரியும் அடையாளமும் அரசின் அதிகாரமும் உடைய பிற கலம் ஆகியவற்றுக்கே உரிமை என்பது அதன் விதி. தனியார் எவரும் தாமாகப் பிடிக்க முடியாது. இந்தியா இதற்கெனத் தனிச் சட்டத்தை 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் ‘ரூயென்’ கப்பலை மீட்ட நம் கடற்படை, சோமாலியக் கொள்ளையர் 35 பேரை மும்பைப் போலீசாரிடம் ஒப்படைத்தபோது அச்சட்டம் கைகொடுத்தது.

இனி நம் கரைக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் பிறந்த அதே 1974ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுத்து ஒப்பமிட்டன. கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் சென்றது. இரு நாடுகளும் இக்கடலை ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்று குறிப்பிட்டன. சங்குப் படுகைத் தீர்ப்பின் நிழல் இங்கே விழுகின்றது. அரபிக்கடலில் ஒரு படகு கரையைவிட்டு விலக விலக ஓர் அரசின் அதிகாரம் படிப்படியாகக் குறையும். பாக் விரிகுடாவில் அவ்வாறன்று. இங்கே எவருக்கும் உரியதல்லாத பெருங்கடல் என்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கடந்த நொடியில் ஓர் அரசின் முழு அதிகாரம் முடிந்து, மற்றோர் அரசின் முழு அதிகாரம் தொடங்கிவிடும்.

1974 உடன்படிக்கை, இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. மரபுரிமை முந்தையதா, அனுமதி பிந்தையதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கடிதம் எழுதியோர் தலைநகரங்களில் இருந்தனர். கடலில் இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. மறுகரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு படகில் தொழில் செய்வோரும் தமிழ் பேசும் மக்களே. போரால் பல்லாண்டுகள் கடலை இழந்து மீண்டவர்கள் அவர்கள். நம் இழுவைமடிகள் அவர்களது வலைகளை அறுப்பதாக அவர்கள் சொல்லும் குறையில் நியாயம் உண்டு.

இன்று ஜெகதாப்பட்டினத்துப் படகு ஒன்றின் ஆவணங்களைக் கேட்க, நம் பக்கத்திலேயே மாநில மீன்வளத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் போலீசார், சுங்கத்துறை, கடலோரக் காவல்படை, கடற்படை என ஐந்து கைகள் உள்ளன. மீன்வளத்துறைக்கு 1983ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் அதிகாரமளிக்கின்றது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2009இல் ஆட்சி எல்லைக் கடலின் பாதுகாப்புப் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு அளிக்கப்பட்டது. கோட்டைக் கடந்தால் இலங்கைக் கடற்படை. பிடிப்பது கடற்படை, ஆனால் ஆட்கள் மீன்வளத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, அயல்நாட்டு மீன்பிடிப் படகுகளுக்கான அந்நாட்டின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் செல்கின்றனர். 2018இல் அபராதத் தொகை பன்மடங்கு உயர்த்தப்பட்டது. மீனவர்கள் விடுதலையாகி விமானத்தில் ஊர் திரும்பிவிட்டாலும், படகின் வழக்கு தனியே நடக்கும். அதன் உரிமையாளர் குறித்த நாளில் அந்நாட்டு நீதிமன்றத்தில் நேரில் நின்று உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு அவரிடம் கடவுச்சீட்டு இருக்க வேண்டும்.